சந்தா கணக்குல மறைஞ்சிருக்குற லாபி

சுங்கை சிப்புட்ல சின்னதா கணக்கு ஆபீஸ் வச்சிருக்கேன், அதுக்கு முன்னாடி கோலாலம்பூர்ல ஆடிட் வேல. போன மாசம் தோட்டத்துல ரிட்டயர் ஆன கிராணி (தோட்ட ஆபீஸ் எழுத்தர்) ஐயா ஒருத்தர், தான் பங்கு வச்சிருக்குற கம்பெனியோட ஆண்டறிக்கையத் தூக்கிட்டு வந்தாரு. "தம்பி, 2050க்குள்ள நெட் ஸீரோ, அதாவது வெளிய விடுற கார்பனையெல்லாம் ஈடுகட்டிச் சுழியமாக்கிடுவோம்னு போட்டிருக்கான், நம்பலாமா?" அட்டையில பச்சப்பசேல்னு செம்பனக் காடு.

ஐயா, படத்த விடுங்க, கம்பெனிங்க சேந்து நடத்துற தொழில்துறைச் சங்கங்கள்ல எதெதுக்கு இவங்க காசு கட்டுறாங்கன்னு தேடுவோம்னேன். ரெண்டு பேரும் பக்கம் பக்கமாப் பொரட்டுனோம், ஒரு வரி கூட இல்ல.

ஆடிட்ல இத நெறைய பாத்திருக்கேன். நிர்வாகச் செலவுக்குக் கீழ "சந்தா"ன்னு ஒரே தொகை, அவ்ளோதான். அந்தக் காசு தொழில்துறைச் சங்கத்துக்குப் போகும், காலநிலைச் சட்டத்தத் தள்ளி வைங்கன்னு சங்கம் தன்னோட லெட்டர்ஹெட்ல அரசாங்கத்துக்கு எழுதினா கம்பெனி பேரு எங்கயும் வராது, கம்பெனி பாட்டுக்கு அறிக்கையில மரம் நடுற படம் போட்டுக்கலாம். இப்படி அரசாங்கத்துக்கிட்ட பேசி முடிவ நம்ம பக்கம் இழுக்குறதுதான் லாபி. பேசுறது தப்பில்ல, தோட்டத் தொழிலுக்கும் பேச ஆள் வேணும். என்ன பேசுனோம்னு பங்குதாரர்கிட்ட மறைக்கிறதுதான் தப்பு.

கேட்டா நடக்கும். பிஎச்பிங்குற ஆஸ்திரேலியச் சுரங்கக் கம்பெனி 2017ல, தான் சேந்திருக்குற சங்கங்கள் காலநிலையப் பத்தி என்ன பேசுதுன்னு தன்னோட நிலைப்பாட்டோட ஒப்பிட்டு வெளியிட்டுச்சு, மறு வருஷமே உலக நிலக்கரிச் சங்கத்த விட்டு வெளிய வந்துச்சு. அமெரிக்க எண்ணெய்க் கம்பெனிங்கள்ல, 2020ல செவ்ரான்ல 53 சதவீத ஓட்டு, 2021ல எக்ஸான்ல 64 சதவீதம், காலநிலை லாபி பத்தி அறிக்கை குடுங்கன்னு நிர்வாகத்தோட பேச்ச மீறிப் பங்குதாரருங்க போட்டது.

இங்க மலேசியாவுல லாபிக்குன்னு தனிச் சட்டம் இல்ல. பெரிய லிஸ்டட் கம்பெனிங்களுக்கு 2025லருந்து வந்திருக்குற ஐஎஃப்ஆர்எஸ் எஸ்2ங்குற சர்வதேச அறிக்கை விதி கூட காலநிலை ஆபத்தையும் கார்பன் கணக்கையும்தான் கேக்குது, சங்கச் சந்தாவுக்குன்னு அதுல கட்டம் கெடையாது, அதனால நாமதான் கேக்கணும். எனக்குப் பங்கே இல்லன்னு சொல்றவங்களுக்கும் இபிஎஃப் (தொழிலாளர் சேமநிதி) இருக்குல்ல, அந்தக் காசுல ஒரு பகுதியும் இந்த மாதிரி கம்பெனிங்க பங்குலதான் கெடக்கு!

ஏஜிஎம்முக்கு, அதாவது பங்குதாரருங்க வருஷாந்திரக் கூட்டத்துக்கு, அனுப்பக் கேள்விய மலாய்ல நானே டைப் பண்ணிக் குடுத்தேன்: எந்தச் சங்கத்துக்கு எவ்வளவு கட்டுறீங்க, அந்தச் சங்கம் காலநிலைச் சட்டத்தப் பத்தி என்ன எழுதுச்சு? ஐயா மூக்குக்கண்ணாடியப் போட்டு ரெண்டு தடவ படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போட்டாரு.