கனடாவில் இருக்கும் பேரன் ஏன் பிந்திப் பதில் சொல்கிறான்?

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு அம்மம்மா கேட்டிருந்தார்: "பேரன் ரொறன்ரோவிலை. வட்ஸ்அப்பிலை கோல் எடுத்துக் கதைக்கேக்கை நான் ஒண்டைக் கேட்டால் கொஞ்சம் பொறுத்துத்தான் மறுமொழி வருது. அவனுக்கு என்னோடை கதைக்க விருப்பமில்லையோ?"

வன்னியில் பலருக்கு இந்தக் கவலை இருக்கும். பேரனின் மனதை நான் அறியேன். ஆனால் அந்த இடைவெளிக்கு அவன் காரணமாக இருக்கத் தேவையில்லை.

நேரில் கதைக்கும்போது ஒருவர் முடித்து எவ்வளவு நேரத்தில் மற்றவர் தொடங்குகிறார்? 2009இல் வெளியான ஓர் ஆய்வு, 'ஓம்', 'இல்லை' என்று பதில் வரும் கேள்விகளைப் பத்து மொழிகளில் அளந்தது. பெரும்பாலும் 200 மில்லிசெக்கனுக்குள், அதாவது ஒரு செக்கனின் ஐந்தில் ஒரு பங்குக்குள், பதில் வந்துவிடுகிறது. ஜப்பானியரின் சராசரி வெறும் 7 மில்லிசெக்கன். மிகவும் பிந்திய டேனிஷ் மொழிக்காரருக்கே 469தான்.

எனக்கு வியப்பு அடங்காத இடம் இதுதான். ஒரு படத்தைப் பார்த்து அதன் பெயரைச் சொல்லத் தொடங்கவே மூளைக்கு ஏறத்தாழ 600 மில்லிசெக்கன் வேண்டும். சொல்லைத் தேடி எடுத்து, ஒலிகளைக் கோத்து, நாக்குக்கும் உதட்டுக்கும் கட்டளை அனுப்ப அவ்வளவு நேரம் ஆகிறது. அப்படியென்றால் 200இல் எப்படிப் பதில் வருகிறது? மற்றவர் கதைத்துக்கொண்டிருக்கும்போதே நாம் பதிலைத் தயாரிக்கத் தொடங்கிவிடுகிறோம். 2015இல் மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்த ஆய்வொன்றில், பதிலுக்குத் தேவையான தகவல் காதில் விழுந்து சுமார் அரைச் செக்கனில், கேள்வி முடிவதற்கு முன்னரே, தயாரிப்பு தொடங்கியது தெரிந்தது. கூடவே குரலின் ஏற்ற இறக்கத்தையும் கடைசி அசை நீளுவதையும் வைத்து, அவர் எந்தக் கணத்தில் நிறுத்துவார் என்றும் கணிக்கிறோம். ஒரே உரலில் இரண்டு பேர் மாறி மாறி உலக்கை போடும்போது, மற்றவரின் உலக்கை எழும் கணத்தைக் கை முன்கூட்டியே அறிந்திருப்பதைப் போன்றது இது.

ஜப்பானிய மொழியும் தமிழைப் போல வினையைக் கடைசியில் வைக்கும் மொழி. வந்தாரா வரவில்லையா என்பது வாக்கியத்தின் நுனியில்தான் தெரியும். அப்படியிருந்தும் அந்தப் பத்தில் அவர்கள்தான் முதலில் பதில் சொல்கிறார்கள்!

இப்போது தொலைபேசிக்கு வருவோம். கிளிநொச்சிக்கும் ரொறன்ரோவுக்கும் நேர்த்தூரமே 13,500 கிலோமீற்றருக்கு மேல். அழைப்பைச் சுமக்கும் கண்ணாடி இழைக்குள் ஒளி செக்கனுக்குச் சுமார் 2,00,000 கிலோமீற்றர் ஓடுகிறது. போக 70, வர 70 மில்லிசெக்கன் என்று வையுங்கள். உண்மையான கேபிள் வழி இதைவிட நீளம். குரலைச் சிறு துண்டுகளாக வெட்டி அனுப்பவும், முன்பின்னாக வந்துசேரும் துண்டுகளை ஒழுங்குபடுத்தவும் மேலும் நேரம் போகிறது. சிக்னல் பலவீனமான இடத்தில் இன்னும் கூடும்.

பேரன் தன் பக்கத்தில் உடனேதான் பதில் சொல்கிறான். அம்மம்மாவுக்கு அது பிந்தி வருகிறது. அவனுக்கும் அம்மம்மாதான் பிந்துகிறார். மௌனம் நீளுகிறதே என்று அவர் மறுபடி கேட்க, அதே நேரம் அவனுடைய பதில் வந்து மோத, இருவரும் நிறுத்திவிடுகிறார்கள். 2014இல் வெளியான ஓர் ஆய்வில் அழைப்புகளில் வேண்டுமென்றே 1.2 செக்கன் வரை தாமதத்தைப் புகுத்தினார்கள். கதைத்தவர்கள், எதிரில் இருந்தவரைக் கவனமில்லாதவர், நட்புக் குறைந்தவர் என்று மதிப்பிட்டார்கள். இயந்திரத்தின் குறை மனிதரின் குணமாகத் தெரிந்தது.

ஆகவே அம்மம்மா, ஒரு கேள்வி கேட்டால் வழக்கத்தைவிட ஒரு மூச்சு கூடுதலாகப் பொறுங்கள். அவனிடமும் இந்தத் தாமதத்தைப் பற்றிச் சொல்லிவையுங்கள். இருவருக்கும் தெரிந்தால் மனம் நோகாது.

சிறு பிள்ளைகள் உள்ளவர்களுக்கு இன்னொன்று. இரண்டு, இரண்டரை வயதுப் பிள்ளைகளுக்குப் புதிய வினைச்சொற்களைக் கற்பித்துப் பார்த்த ஆய்வொன்றும் 2014இல் வெளியானது. நேரில் சொல்லிக் கொடுத்தபோது கற்றார்கள். நேரடி வீடியோ அழைப்பிலும் அதேபோலக் கற்றார்கள். பதிவுசெய்த வீடியோவில் கற்கவில்லை. பிள்ளை பார்த்ததற்கும் சொன்னதற்கும் பதிவிலிருந்த முகம் மறுமொழி தரவில்லை, அதுதான் வேறுபாடு. யூடியூப் பாட்டு எத்தனை ஓடினாலும், "என்ன கையிலை வைச்சிருக்கிறாய்?" என்று கேட்கும் அம்மம்மாவுக்கு ஈடாகாது. நாவூறு படும் என்று குழந்தையை வீடியோவில் காட்டத் தயங்கும் வீடுகள் அந்தப் பயத்தை விட்டுவிட வேண்டும் என்று கேட்கிறேன். தமிழில் கதைக்கக்கூடிய ஒரு ஆளைப் பிள்ளை அதனால் இழக்கிறது.

2009இல் அளந்த அந்தப் பத்து மொழிகளில் தமிழ் இல்லை. இது என்னை உறுத்துகிறது. கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகம் இருக்கிறது, 2021 முதல் வவுனியாவுக்கும் தனிப் பல்கலைக்கழகம் இருக்கிறது. சம்மதிக்கும் குடும்பங்களின் உரையாடல்களைப் பதிவுசெய்யலாம். அந்தப் பதிவுகளை அளக்கத் தேவையான ஈலான் என்ற மென்பொருளை நெதர்லாந்தின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனம் இலவசமாகவே தருகிறது. பெரிய கட்டடமோ விலையுயர்ந்த கருவியோ தேவையில்லை. ஒரு மாணவருக்குச் சிறிய உதவித்தொகை கொடுத்து இந்த வேலையைத் தொடங்கலாம், அதைக் கனடாவிலும் லண்டனிலும் உள்ள எங்கள் ஊர்ச் சங்கங்களே கொடுக்கலாம்.