இடைவேளைக் கூட்டமும் மேல்காற்றும்

நெல்லையில் திரையரங்க வளாகம் ஒன்றைத் திட்டமிடுவோர் திரையின் அகலத்துக்கும் ஒலிபெருக்கிகளுக்கும் தரும் கவனத்தில் பாதியைக்கூட, இடைவேளையின்போது மக்கள் நிற்கப்போகும் முன்கூடத்துக்குத் தருவதில்லை.

600 இருக்கைகள் கொண்ட ஓர் அரங்கில் பாதிப் பேர் காபியோ பப்ஸோ வாங்க எழுந்து வருகிறார்கள் என்று கொள்வோம். ஒருவரைக் கவனித்து அனுப்ப 30 விநாடி பிடித்தால், 15 நிமிட இடைவேளையில் ஒரு கவுன்டர் 30 பேருக்கு மேல் கவனிக்க இயலாது. ஆகவே 300 பேருக்கு 10 கவுன்டர்கள் தேவைப்படும். அதே இருக்கைகளை 150 வீதம் நான்கு அரங்குகளாகப் பிரித்து, இடைவேளைகள் ஒன்றன்மேல் ஒன்று விழாதபடி அமைத்தால், ஒரு நேரத்தில் வெளிவருவோர் ஏறத்தாழ 75 பேர்தான். 3 கவுன்டர்கள் போதும். படங்களின் நீளம் வேறுபடுவதால், காட்சி தொடங்கும் நேரத்தை மட்டும் பார்த்து அட்டவணை போடுவது பயன் தராது. கழிப்பறைக்கும் இதே கணக்குதான்: பெண்களுக்குச் சற்றுக் கூடுதல் நேரம் தேவைப்படுவதால், இருபாலருக்கும் சமமான பரப்பை ஒதுக்கினால் வரிசை ஒரு பக்கம் மட்டுமே நீளும்.

கவுன்டர்கள் குறைவதால் மிஞ்சும் இடத்தில் திண்ணைகள் கட்டலாம். 1970களில் நியூயார்க்கின் பொதுவெளிகளைக் கேமரா வைத்துக் கவனித்த வில்லியம் ஒயிட், உட்கார வசதியுள்ள இடத்தில்தான் மக்கள் உட்காருகிறார்கள் என்று கண்டார். இதற்குக் கேமரா எதற்கு என்று நம்மூரில் கேட்பார்கள். ஆனாலும் பளபளக்கும் கிரானைட் தரை போட்டு, ஒரு பெஞ்சுகூட இல்லாத முன்கூடங்களை இன்றும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம்.

திண்ணை எந்தத் திசையில் அமைய வேண்டும் என்பதை நெல்லையில் வெயிலும் காற்றும் முடிவு செய்கின்றன. பிற்பகல் முழுவதும் வெயில் வாங்கிய மேற்குச் சுவர் அந்த வெப்பத்தை மெதுவாகவே வெளிவிடுவதால், மாலைக் காட்சிக்கு வந்து அதனருகே நிற்பவர்கள் பொழுது சாய்ந்த பின்னும் அனலை உணர்வார்கள். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் தன் ஈரத்தின் பெரும்பகுதியைக் கொட்டிவிட்டு வருவதால், ஆனி, ஆடி மாதங்களில் இங்கே வறண்டு வீசும் மேல்காற்று புழுதியையும் அள்ளிவரும். எனவே படிக்கட்டு, கிடங்கு, ஜெனரேட்டர் அறை ஆகியவற்றை மேற்கே வைத்து, திண்ணைகளையும் உணவுக் கவுன்டர்களையும் கிழக்கு, வடக்குப் பக்கங்களுக்குக் கொண்டுவருவது நல்லது. கிழக்கே அமைப்பவர்கள் ஐப்பசி, கார்த்திகை மழைக்காகக் கூரையைத் தாராளமாக நீட்டிவிட வேண்டும். சாலை மேற்கே இருந்து வாசலை மாற்ற முடியாத மனையாக இருந்தால், வாகன நிறுத்தத்தில் வேம்பையும் புங்கத்தையும் இரண்டு வரிசையாக நட்டு, கதவுக்கு நேரே காற்றைத் தடுக்கும் குறுக்குச்சுவர் ஒன்றையும் எழுப்பலாம்.