‘ஏதாவது உதவி கிடைக்குமா?’ என்று மட்டும் கேட்காதீர்கள்

பக்கவாதம் வந்த அப்பாவை ஒரு பெண் வாரத்துக்கு மூன்று நாள் என் சிகிச்சை மையத்துக்கு ஆட்டோவில் அழைத்து வருவார். போக வர ஐந்நூறு ரூபாய். பெரியவரைக் கைத்தாங்கலாக இறக்கிவிட்டு, முடியும்வரை ஆட்டோக்காரரும் வாசலில் காத்திருப்பார். இப்படியே மூன்று மாதம் ஓடியது. அப்புறம் ஒருநாள் அவர்கள் தெருவிலேயே இன்னொரு நோயாளியைப் பார்க்கப் போனேன். பக்கத்து வீட்டு வாசலில் ஒருவர் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். அவரும் என்னைப் போல இயன்முறை மருத்துவர். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வேலை செய்கிறார், படுத்த படுக்கையாக இருக்கும் ஒரு அம்மாவுக்குப் பயிற்சி கொடுக்க அந்தத் தெருவுக்கு வந்துபோகிறார். அந்த வீட்டிலிருந்து நம் பெரியவர் வீடு நாலாவது வீடு.

அந்தப் பெண்ணிடம் இதைச் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. “யாருமே சொல்லலையே சார்” என்றார். அந்த ‘யாருமே’யில் நானும் இருக்கிறேன். மூன்று மாதமும் அவரிடம் பணம் வாங்கியவன் நான்தான். வீட்டுக்கே வரும் சேவை ஒன்று இருப்பது எனக்குத் தெரியும். ஆனால் அவருக்கு அது தெரியாது என்பது என் மனதில் படவே இல்லை. அன்றிலிருந்து புதிதாக யார் வந்தாலும் முதல் நாளே கால் மணி நேரம் இதற்கென்று ஒதுக்குகிறேன். அந்தக் கால் மணி நேரத்தில் நான் பேசுவதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

உதவி இல்லை என்பது நம் பிரச்சினை அல்ல. அது ஒரே இடத்தில் இல்லை என்பதுதான் பிரச்சினை. முதியோர் உதவித்தொகை வருவாய்த் துறையிடம், பராமரிப்பு உதவித்தொகை மாற்றுத்திறனாளிகள் நலத்துறையிடம். வீட்டுக்கு வரும் செவிலியர் சுகாதாரத் துறை. பள்ளிக்குப் போக முடியாத பிள்ளைக்குப் பயிற்சி தரும் சிறப்பாசிரியர் கல்வித் துறை, அவரைத் தேடி வட்டார வள மையத்துக்குப் போக வேண்டும். பெற்றோரைக் கைவிட்ட பிள்ளைகள் மேல் மனு கொடுப்பது கோட்டாட்சியரிடம். ஒரு துறையின் மேசைக்கு அடுத்த துறையில் என்ன கிடைக்கும் என்று தெரியாது. அதனால்தான் ஒரு அலுவலகத்தில் போய் “ஏதாவது உதவி கிடைக்குமா?” என்று கேட்டால், அவர்களிடம் இருப்பதை மட்டும் மனதில் வைத்து “இல்லம்மா” என்று சொல்லிவிடுகிறார்கள். கேட்டவர் எங்குமே இல்லை என்று நினைத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்.

நோயின் பெயரை வைத்துக் கேட்காதீர்கள். ஒரு நாளில் எது எது முடியாமல் நிற்கிறது என்று பாருங்கள், அதை வைத்துக் கேளுங்கள். காலையில் எழுந்ததிலிருந்து இரவு படுக்கும்வரை ஒரு நாள் முழுக்கக் கூட இருந்து, எங்கெங்கே மாட்டுகிறது என்று ஒரு தாளில் எழுதச் சொல்வேன்.

எழுபத்தெட்டு வயது ஆச்சி ஒருவர், இரண்டு மூட்டும் தேய்ந்தவர். “அம்மாவுக்கு ஹோம் நர்ஸ் வைக்கணும் சார், நல்ல இடம் சொல்லுங்க” என்று மகன் போன் செய்தார். வைத்தால் மாதம் எவ்வளவு ஆகும் என்ற கவலை அவர் குரலிலேயே தெரிந்தது. வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். ஆச்சி நன்றாகத்தான் இருந்தார், ஆனால் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் தண்ணீரே குடிப்பதில்லை. குடித்தால் ராத்திரி எழுந்து கழிப்பறைக்குப் போக வேண்டுமே என்ற பயம். சிறுநீர்த் தொற்று அடிக்கடி வந்துகொண்டிருந்தது. கழிப்பறைக் கதவுக்கு முன்னால் அரை அடி உயரத்தில் ஒரு படி. உள்ளே இடது பக்கச் சுவரில், இடுப்புக்குக் கொஞ்சம் மேலே, கையளவுக்கு ஒரு அழுக்குக் கறை. தினமும் எழும்போது அவர் கை வைத்து வைத்து சுண்ணாம்பு பளபளத்துப் போயிருந்தது. கைப்பிடிக் கம்பி எங்கே வேண்டும் என்று அந்தச் சுவரே காட்டிக்கொடுத்துவிட்டது. அதே இடத்தில் ஒரு ஸ்டீல் கம்பி, படிக்குப் பக்கத்தில் இன்னொன்று, உட்கார கமோடு நாற்காலி, படுக்கையிலிருந்து கழிப்பறைவரை ஒரு ராத்திரி விளக்கு. ஹோம் நர்ஸ் தேவைப்படவில்லை. “இதுக்குப் போயி இத்தனை நாளு நாக்கு வறண்டு கெடந்தேனே தம்பி” என்றார் ஆச்சி.

அந்தத் தாளில் எழுதியிருப்பதைப் பார்த்தால் எங்கே போக வேண்டும் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். மாதாமாதம் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரை வாங்கப் போக முடியவில்லையா? நடக்கப் பழக்க ஆள் வேண்டுமா? படுக்கைப்புண்ணுக்குக் கட்டு மாற்ற வேண்டுமா, சிறுநீர்க் குழாய் மாற்ற வேண்டுமா? உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. மாத்திரை கொண்டுவந்து தரும் பெண் தன்னார்வலர், இயன்முறை மருத்துவர், தீராத நோயில் வலியைக் குறைத்துக் கவனிக்கும் நோய்த்தணிப்புச் செவிலியர் என்று மூன்று விதமான ஆட்கள் அதில் உண்டு. மாத்திரைக்காரப் பெண்ணைப் பல வீடுகளுக்குத் தெரியும், மற்ற இருவரைத் தெரியாது. அவரிடமே “பிசியோ சார் எப்போ வருவாங்க?” என்று கேட்டால் போதும். பெரும்பாலும் உள்ளூர் சுய உதவிக் குழுப் பெண்தான் அவர், தெருவில் எந்த வீட்டில் யார் படுத்திருக்கிறார் என்று என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

ரேஷன் கடைக்குப் போய் விரல் வைக்க முடியவில்லை என்றால், வேறொருவர் வாங்கிக்கொள்ள அங்கீகாரச் சான்று கொடுக்கலாம். 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பொருள் வீட்டுக்கே வருகிறது. கடைக்காரரிடம் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இனி, எனக்கு அதிக வருத்தம் தருகிற விஷயம். “வயசானா அப்படித்தான்” என்ற ஒரு வார்த்தையால் எத்தனையோ பேர் தங்களுக்கு உரியதைக் கேட்காமலே இருந்துவிடுகிறார்கள். கை நடுங்குகிறது, நடை சின்னச் சின்ன அடியாகிவிட்டது, முகத்தில் சிரிப்பே வருவதில்லை என்று ஒருவரைக் கூட்டி வருவார்கள். பார்க்கின்சன் என்கிற நரம்பு நோய் அது. நரம்பியல் மருத்துவர் மாத்திரையும் கொடுத்திருப்பார். இது ஒரு மாற்றுத்திறன் என்று பதிவு செய்யலாம் என்று சொன்னால் குடும்பமே விழிக்கும். மாற்றுத்திறனாளி என்றால் பிறவியிலேயே கால் வராத பிள்ளைதான் அவர்கள் கண்முன் வருகிறது. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7 வகைகள்தான் இருந்தன. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை 21 ஆக்கியது. பார்க்கின்சன் அதில் இருக்கிறது. பார்வை மங்குவதும் காது கேளாமையும் அளவைப் பொறுத்து அதில் வரும். பக்கவாதத்தில் ஒரு பக்கம் செயலிழந்து அப்படியே நின்றுவிட்டால் அதுவும் இயக்கக் குறைபாடாக வரும். 60 வயது தாண்டிவிட்டால் இதெல்லாம் பொருந்தாது என்று சட்டத்தில் எங்கும் இல்லை.

இதற்கு முதல் படி மருத்துவச் சான்று, அதோடு யுடிஐடி என்கிற தேசிய அடையாள அட்டை. அரசு மருத்துவமனையில் சான்று கொடுக்கும் முகாம் நாள் எது என்று விசாரித்துவிட்டுப் போங்கள், தினமும் கொடுக்க மாட்டார்கள். பெரும்பாலான சலுகைகளுக்குச் சான்றில் குறைபாடு 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். அட்டைக்குக் கட்டணம் கிடையாது. “அம்பது பர்சன்ட் போட்டுத் தரேன், மூவாயிரம் குடு” என்று வாசலில் நிற்கிற ஆள் எவராக இருந்தாலும் விலகி நடங்கள். அட்டை வந்தபின் போக வேண்டிய இடம் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம், பல மாவட்டங்களில் ஆட்சியர் அலுவலக வளாகத்திலேயே இருக்கும். சக்கர நாற்காலி, காதொலிக் கருவி, ஊன்றுகோல் எல்லாம் அங்கேதான்.

பணத்தைப் பொறுத்தவரை இரண்டு வழி உண்டு. வருவாய்த் துறை தரும் முதியோர் உதவித்தொகை 2023இல் மாதம் 1,200 ரூபாயானது. ஆதரவில்லாத, 60 வயது தாண்டியவர்களுக்கு இது கிடைக்கும். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம், முடிவெடுப்பவர் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர். மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தருகிற பராமரிப்பு உதவித்தொகை அதே ஆண்டில் 2,000 ரூபாயானது. அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு, கடுமையான பாதிப்பு, பார்க்கின்சன், தண்டுவடப் பாதிப்பு, தொழுநோய்ப் பாதிப்பு ஆகியவற்றுக்கு அது. ஒருவருக்கு இரண்டில் ஒன்றுதான். எது கூடுதலோ அதற்குத் தகுதி இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுவது நல்லது.

போன வருடம் ஒரு அம்மா வந்தார், வயது எழுபத்தொன்று. தோளில் வலி. கையைத் தூக்கிப் பார்க்கும்போதே புரிந்துவிட்டது, யாரையோ தினமும் தூக்குகிறார். கேட்டேன். முப்பத்து நாலு வயது மகன், பிறந்ததிலிருந்து மூளை முடக்குவாதம் (செரிப்ரல் பால்சி), அறிவு வளர்ச்சியும் குறைவு. குளிப்பாட்ட, உடை மாற்ற, படுக்கையில் புரட்ட எல்லாம் அவர்தான். கணவர் ஓய்வு பெற்ற அரசு ஊழியர், கண் சரியில்லை. மஞ்சப்பை ஒன்றிலிருந்து காகிதங்களை எடுத்து என் மேசையில் பரப்பினார். மகனுக்குச் சிறு வயதில் எடுத்த பழைய அடையாள அட்டை, ஓரம் பிய்ந்து, பசை டேப் ஒட்டி, அதில் ஏழு வயதுப் பையன் முகம். அதற்குப் பிறகு எதுவுமே புதுப்பிக்கவில்லை.

தோளைப் பற்றிப் பேசி முடித்ததும் அவர் மெதுவாகக் கேட்டார்: “எங்களுக்கு அப்புறம் இவன யாரு தம்பி பாப்பா?”

இந்தக் கேள்விக்குச் சிகிச்சை அறையில் பதில் இல்லை. ஆனால் செய்யக்கூடிய காரியங்கள் மூன்று நான்கு இருக்கின்றன, அவற்றைப் பெற்றோர் இருக்கும்போதே செய்ய வேண்டும். 18 வயது முடிந்துவிட்டால் பெற்றோரே தானாகச் சட்டப்படியான பாதுகாவலர் ஆகிவிட மாட்டார்கள். வங்கிக் கணக்கோ சொத்தோ என்று வரும்போதுதான் இது தெரியவரும். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டம் இருக்கிறது. அதன்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழு பாதுகாவலரை நியமிக்கும். பெற்றோர் விண்ணப்பிக்கலாம், உடன்பிறந்தவரும் விண்ணப்பிக்கலாம். வழக்கு மன்றம் ஏற வேண்டாம். அதே அறக்கட்டளையின் ‘நிராமயா’ காப்பீட்டில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய்வரை கிடைக்கும், பயிற்சிச் செலவும் அதில் அடங்கும்.

அந்த அப்பா அரசு ஊழியர் என்பதால் இன்னொன்றும் இருந்தது. சம்பாதித்துப் பிழைக்க முடியாத நிலையில் உள்ள பிள்ளைக்குக் குடும்ப ஓய்வூதியம் வாழ்நாள் முழுவதும் உண்டு. ஓய்வூதிய ஆவணத்தில் மகன் பெயரை அப்பா உயிரோடு இருக்கும்போதே சேர்த்துவிட்டால் பின்னால் அலைச்சல் பாதி குறையும். இருபது வருடமாக அவர் மாதம் தவறாமல் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டிருக்கிறார். அந்த அலுவலகத்தில் ஒருவர்கூட “வீட்ல மாற்றுத்திறனாளி பிள்ளை இருக்கா?” என்று கேட்டதில்லை.

தினசரி பாரம் குறைய, பக்கத்தில் இருக்கும் தொண்டு நிறுவனங்களையும் பார்க்கச் சொன்னேன். நம்ம தென்காசி பக்கத்துக்காரர்களுக்கு ஆய்க்குடி தெரியும். கழுத்துக்குக் கீழே அசைவிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் அங்கே தொடங்கியதுதான் அமர் சேவா சங்கம். வேலூரில் சிஎம்சியின் மறுவாழ்வு மையம், சென்னைக்கு வெளியே முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம் என்று பெரிய இடங்கள் இருக்கின்றன. அங்கே ஒருமுறை போய் முழுமையாகப் பரிசோதித்து, என்ன பயிற்சி, என்ன கருவி என்று எழுதி வாங்கிவந்தால், அந்தக் காகிதத்தை வைத்து உள்ளூரிலேயே தொடரலாம். மாநில அரசு ‘உரிமைகள்’ திட்டத்தில் ‘விழுதுகள்’ என்ற பெயரில் சேவை மையங்களைத் திறந்து வருகிறது. இயன்முறை, பேச்சு, செயல்வழிப் பயிற்சி எல்லாம் ஒரே கூரையின் கீழ் கிடைக்கும். உங்கள் பகுதியில் வந்துவிட்டதா என்று மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள்.

தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு முதியோர் உதவி எண் 14567. காலை எட்டிலிருந்து இரவு எட்டுவரை, இலவசம். எந்த அலுவலகம் என்று தெரியாவிட்டால் சொல்வார்கள், வீட்டில் அடிக்கிறார்கள், சாப்பாடு போடவில்லை என்றாலும் தலையிடுவார்கள். 2007ஆம் ஆண்டு பெற்றோர், முதியோர் பராமரிப்புச் சட்டப்படி பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கேட்டுக் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். மனு எழுதும் நிலைக்கு வந்த தாயோ தகப்பனோ என்னிடம் வந்து அழுததுதான் அதிகம், எழுதியது குறைவு. பிள்ளையைக் காட்டிக்கொடுப்பதாக நினைக்கிறார்கள். அவர்களை நான் வற்புறுத்துவதில்லை. எண்ணை மட்டும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுக்கிறேன்.

அலுவலகம் போகும்போது ஆதார், குடும்ப அட்டை, மருத்துவச் சான்று, வங்கிப் புத்தகம், போட்டோ எல்லாவற்றையும் மூன்று நகல் எடுத்து ஒரே உறையில் வையுங்கள். அசலைக் கையைவிட்டுக் கொடுக்காதீர்கள். மனு கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்ப வேண்டாம். யாரிடம் பேசினீர்கள், என்ன தேதி, அடுத்து எப்போது வரச் சொன்னார்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒரு மாதமாகியும் அசையவில்லை என்றால் அந்த நோட்டோடு திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்குப் போங்கள். தேதியோடு பேசுகிறவரை அவ்வளவு சுலபமாக “அப்புறம் வாங்க” என்று அனுப்ப முடியாது.

அந்த எழுபத்தொரு வயது அம்மா நோட்டு போட்டார். எழுதப் படிக்கக் கொஞ்சம்தான் தெரியும், பேத்தி எழுதிக் கொடுத்தாள். மகனுக்குப் புது அட்டை வந்தது. பராமரிப்பு உதவித்தொகை ஐந்தாவது மாதம் வங்கியில் ஏறியது. பாதுகாவலர் மனுவில் தங்கை மகளின் பெயரைக் கொடுத்திருக்கிறார்கள், அது இன்னும் குழுவின் முன் நிலுவையில்தான் இருக்கிறது. போன வாரம் தோளைக் காட்ட வந்தபோது மஞ்சப்பையிலிருந்து புது அட்டையை எடுத்துக் காட்டினார். தாடி வைத்த முப்பத்து நாலு வயதுக்காரர் அதில் கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.