தாளைத் தின்னும் மை: ஆடம்ஸ் குடும்பக் கடிதங்கள் பிழைத்திருப்பது எப்படி?

1776 ஏப்ரல் மாதம் பிலடெல்பியாவிலிருந்து ஜான் ஆடம்ஸ் தன் மனைவி அபிகெயிலுக்கு எழுதிய கடிதத்தில் ஒரு வரி வரும்: "உன் கடிதங்களை எரித்துவிடச் சொல்கிறாய். அதற்கு முதலில் நான் உன்னை மறக்க வேண்டும்."

அவர் எரிக்கவில்லை. 1762 முதல் 1801 வரை இருவரும் எழுதிக்கொண்டவற்றில் 1,100-க்கும் மேற்பட்ட கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. அமெரிக்காவின் இரண்டாவது அதிபர் ஜான். ஆறாவது அதிபர் இவர்களுடைய மகன் ஜான் குவின்சி ஆடம்ஸ். அந்த மகன் 12 வயதில் தொடங்கிய நாட்குறிப்பு மட்டுமே 51 தொகுதிகள். இவற்றோடு ஜான் வக்கீலாக இருந்தபோது வழக்குகளுக்காகக் கிறுக்கிய குறிப்புகளும் சேர்ந்து, குடும்பத்தின் காகிதங்கள் பாஸ்டனில் மாசசூசெட்ஸ் வரலாற்றுச் சங்கத்தில் இருக்கின்றன.

சரி, எரிக்காமல் வைத்தால் மட்டும் காகிதம் 250 வருடம் தாங்குமா? நம் வீட்டில் பத்து வருடத்துக்கு முந்தைய செய்தித்தாளை எடுத்துப் பார்த்தாலே பழுத்துப் போய் மடிப்பில் உடைகிறதே.

செய்தித்தாள் மரக்கூழில் செய்தது. மரத்திலுள்ள லிக்னின் வெளிச்சம் பட்டால் மஞ்சளாகும், நாளடைவில் அமிலமும் ஊறும். ஆடம்ஸ் காலத்துத் தாளோ பழந்துணியில் செய்தது. கிழிந்த லினன், பருத்தித் துணிகளை ஊறவைத்து, இடித்துக் கூழாக்கி, சல்லடையில் அள்ளிக் காயவைப்பார்கள். அதில் லிக்னின் இல்லை என்றே சொல்லலாம். தாளுக்கு உடம்பான செல்லுலோஸ் என்ற நார்ப்பொருளின் இழைகளும் நீளமானவை. அதனால்தான் அந்தத் தாள் இன்றும் துணிபோல வளைந்து கொடுக்கிறது.

சிக்கல் மையில் இருக்கிறது. அன்றைய மைக்கான சரக்குகளை நம் நாட்டு மருந்துக் கடையிலேயே வாங்கலாம்: மாசிக்காய், அன்னபேதி, வேலம்பிசின். மாசிக்காய் என்பது காய் அல்ல. ஓக் மரத்தில் ஒரு சிறு குளவி முட்டையிட்ட இடம் கோலிக்குண்டு அளவுக்குப் புடைத்துக்கொள்வதுதான் அது. அதில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் நிறைய உண்டு. அன்னபேதி இரும்பு சல்பேட். இரண்டையும் நீரில் சேர்த்தால் முதலில் வெளிறிய திரவம்தான் கிடைக்கும். எழுதியபின் காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டு, இரும்பும் டானினும் இணைந்த கருப்பு, இழைகளுக்குள்ளேயே உருவாகும். கழுவினாலும் சுரண்டினாலும் லேசில் போகாது. பத்திரம் எழுதுபவர்களும் வக்கீல்களும் இந்த மையை நம்பியது இதற்காகத்தான்.

ஆனால் இதே மைதான் தாளைத் தின்கிறது. இரும்பும் டானினும் சேரும்போது கந்தக அமிலம் மிச்சமாகும். அது செல்லுலோஸ் சங்கிலிகளை வெட்டும். அன்னபேதியைக் கூடுதலாகப் போட்டிருந்தால், டானினோடு சேராமல் தங்கிவிட்ட இரும்பு தாளை ஆக்சிஜனேற்றம் செய்துகொண்டே இருக்கும். முதலில் எழுத்தைச் சுற்றிப் பழுப்பு நிழல் படரும். அடுத்து பின்பக்கம் எழுத்து தெரியும். கடைசியில் வட்ட எழுத்துகளின் நடுப்பகுதி அப்படியே உதிர்ந்து, தாளில் எழுத்தின் வடிவத்திலேயே ஓட்டை விழும். கைக்குக் கை மையின் பக்குவம் மாறியதால், ஒரே கடிதக் கட்டுக்குள் ஒரு கடிதம் நேற்று எழுதியதுபோல இருக்கும், அடுத்தது தொட்டாலே உடையும்.

இரும்பு இன்னும் வேலை செய்கிறதா என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. வேதிப்பொருள் தடவிய சிறு தாள்துண்டை லேசாக நனைத்து எழுத்தின் மேல் சில நொடி அழுத்துவார்கள். கட்டுப்படாத இரும்பு இருந்தால் துண்டு கருஞ்சிவப்பாக மாறும். அப்படி மாறினால் கால்சியம் ஃபைட்டேட் கரைசலில் குளிப்பாட்டலாம். தானியத்திலும் தவிட்டிலும் இருக்கும் ஃபைட்டிக் அமிலத்தின் உப்பு இது. உணவிலுள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் அது பிடித்துவைப்பதாக மருத்துவர்கள் சொல்வார்களே, அதே குணம் இங்கே தாளைக் காக்கிறது! அப்புறம் கால்சியம் பைகார்பனேட்டில் முக்கினால் அமிலம் அடங்கும்.

அரைகுறையாக நனைப்பதுதான் ஆபத்து, இரும்பு எழுத்தைவிட்டு வெளியே பரவிவிடும். ஆகவே பெரும்பாலான பழங்கடிதங்களுக்கு வைத்தியம் இவ்வளவுதான்: அமிலமில்லாத உறை, இருட்டு, குளிர்ச்சி, அளவான ஈரப்பதம். மங்கிப்போன வரிகளைப் புற ஊதா ஒளியில் படிப்பார்கள். அந்த ஒளியில் தாள் மிளிரும், மை ஒளியை உறிஞ்சிக் கருப்பாகத் தெரியும்.

இவ்வளவு வேதியியலும் நெருப்பின் முன் நிற்காது. ஜான் குவின்சி அதை உணர்ந்திருந்தார். தன் நூல்களுக்கும் காகிதங்களுக்கும் தீப்பிடிக்காத கட்டடம் வேண்டும் என்று உயிலில் கேட்டுக்கொண்டார். குவின்சி ஊரில் குடும்ப வீட்டை ஒட்டி, ஆனால் வீட்டோடு சேராமல், 1870-இல் கல் நூலகம் எழுந்தது. காகிதங்கள் 1902-இல் அங்கிருந்து பாஸ்டனுக்கு வந்தன. 1956-இல் குடும்பம் அவற்றைச் சங்கத்துக்கே கொடுத்துவிட்டது. பக்கங்களைச் சிறிதாக்கிப் படம்பிடித்துவைக்கும் மைக்ரோஃபிலிம், அந்த ஆண்டுகளில் எடுத்தது 608 சுருள்கள். மூலத்தைத் தொடாமலே படிக்க முடிந்தது.

நகல் எடுத்துவைக்கும் பழக்கத்தை ஜானே தொடங்கிவிட்டார். 1776 ஜூன் மாதம், அனுப்பும் கடிதங்களைப் பெயர்த்து எழுதிவைக்கப் பெரிய நோட்டு ஒன்று வாங்கினார். அபிகெயிலுக்கும் அப்படி ஒன்று அனுப்புவதாக எழுதினார். என்னுடையவற்றைவிட உன் கடிதங்களே காப்பாற்றி வைக்கத் தகுந்தவை என்று அதற்குக் காரணமும் சொன்னார்.