செனட்டர்: மேலவையரா, மூதவையரா?

பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் இரண்டாம் அவை செனட்; அதன் உறுப்பினர் செனட்டர். இந்தியப் பெருங்கடலின் பிரெஞ்சுத் தீவான ரெயூனியனில் இந்தச் சொல் இரண்டு விதமாகக் காதில் விழும். பிரெஞ்சுப் பேச்சில் 'செனாத்தர்'. சென்னைச் செய்தித்தாள் படித்துப் பழகியவர் வாயில் 'செனட்டர்'. இரண்டுக்கும் வேர் லத்தீனின் 'செனெக்ஸ்', அதாவது கிழவர். கிழவர்கள் கூடும் அவை 'செனாத்துஸ்'. அந்த வேரிலிருந்தே 'செனியோர்', மூத்தவர், என்ற சொல்லும் பிறந்தது. பிரெஞ்சில் அது தேய்ந்து 'சியர்' ஆனது. முன்னால் 'என்' என்ற பொருள் தரும் சொல் ஒட்டிக்கொள்ள 'முசியே' ஆனது. கடைக்காரரை முசியே என்று கூப்பிடுகிறவர் செனட்டரின் பங்காளிச் சொல்லைத்தான் வாயில் வைத்திருக்கிறார்.

புதுச்சேரித் தமிழுக்கும் இது புதிய சொல் அல்ல. பிரான்சின் மூன்றாம் குடியரசுக் காலத்தில் (1870-1940) பிரெஞ்சிந்தியாவும் பாரிசுக்கு ஒரு செனட்டரை அனுப்பியது.

சரி, தமிழில் என்ன சொல்வது? தமிழ்நாட்டு வழக்கு 'மேலவை'. 1986இல் கலைக்கப்பட்ட சட்ட மேலவையால் அது எல்லார் நாவிலும் ஏறிய சொல். ஆனால் பிரெஞ்சு செனட்டுக்கு அதைப் போட்டால் பொருள் சற்றுக் கோணும். பெயரில் 'மேல்' இருந்தாலும் சாதாரணச் சட்டங்களில் கடைசிச் சொல் கீழவையான தேசிய மன்றத்துக்குத்தான். 'மாநிலங்களவை' இங்கே பொருந்தாது. பிரான்சில் மாநிலம் என்று ஒன்று இல்லை. 'மூப்பர் சபை' என்றால் மாதாகோயில் நினைவுதான் வரும்.

எஞ்சுவது 'மூதவை'. முதுமையும் அவையும் சேரும்போது முதலெழுத்து நீளும். மூதூர், மூதறிஞர் போல. செனெக்ஸின் பொருளை இவ்வளவு நெருக்கமாகப் பிடிக்கும் வேறு சொல் நம்மிடம் இல்லை. குறளின் அவையறிதல் அதிகாரமும் அவையின் மூத்தவரை 'முதுவர்' என்கிறது: 'முதுவருள் முந்து கிளவாச் செறிவு'. பெரியவர்கள் இருக்கும் இடத்தில் முந்திக்கொண்டு பேசாத அடக்கம். (முன்கூட்டிப் பெயர் கொடுத்து, கடிகாரம் பார்த்துப் பேசும் இன்றைய செனட்டர் அந்த அடக்கத்தைக் கடைப்பிடித்தால் ஆறு வருடமும் வாய் திறக்க முடியாது.) ஒரு எச்சரிக்கை: இலங்கைப் பல்கலைக்கழகங்களில் 'மூதவை' என்றால் கல்வி விவகாரங்களை முடிவு செய்யும் குழு. எனவே முதல் முறை எழுதும்போது 'பிரெஞ்சு மூதவை' என்று முழுதாக எழுதிவிடுவது நல்லது. உறுப்பினரை 'மூதவையர்' என்றால் ஆண், பெண் இருபாலுக்கும் பொருந்தும். பிரெஞ்சில் இருப்பதுபோல் தனிப் பெண்பால் வடிவம் தேடவேண்டாம். செய்தியில் 'செனட்டர்' என்றே எழுதினாலும் குற்றமில்லை. பத்தியின் நடுவில் மாற்றாமல் இருந்தால் போதும்.

வயதைப் பற்றி ஒரு சொல். பெயரில் முதுமை இருந்தாலும் 24 வயது நிரம்பினால் போட்டியிடலாம். மொத்தம் 348 இடங்கள்; ரெயூனியனுக்கு 2011 முதல் நான்கு. பதவிக்காலம் ஆறு ஆண்டு, மூன்றாண்டுக்கு ஒருமுறை பாதி அவை புதுப்பிக்கப்படும். ரெயூனியனுக்கு அந்த முறை 2011, 2017, 2023இல் வந்தது. மக்கள் நேரடியாக வாக்களிப்பதில்லை. வாக்களிப்பவர்கள் நாடாளுமன்ற உறுப்பினர்கள், மாவட்ட, வட்டாரக் கவுன்சிலர்கள், பெரும்பாலும் நகராட்சிகளின் பிரதிநிதிகள். இவர்களின் பிரெஞ்சுப் பெயரைச் சொல்லுக்குச் சொல் 'பெருவாக்காளர்' என்று பெயர்த்தால் பணக்கார வாக்காளர் என்று படித்துவிடுவார்கள். 'தேர்வாளர் குழு' என்பதே தெளிவு.

இனி, ஒரு செனட்டர் விவாதத்தில் என்ன செய்தார் என்று தமிழில் எழுத உட்காருபவர் சறுக்கும் இடங்கள். முதலாவது 'அந்தர்வான்சியோன்'. அகராதியைத் திறந்தால் 'தலையீடு' என்றிருக்கும். 'செனட்டர் கரும்பு விவசாயம் குறித்துத் தலையிட்டார்' என்று எழுதினால், அவர் யாருடைய வேலையையோ கெடுத்ததுபோல் இருக்கிறது. அவையில் அச்சொல்லுக்குப் பொருள் 'பேச்சு', அவ்வளவுதான். 'உரையாற்றினார்', 'பேசினார்'. 'ரப்போர்த்தர்' என்பவர் நிருபர் அல்லர். குழுவின் சார்பில் மசோதாவை ஆராய்ந்து அறிக்கை வைப்பவர், 'அறிக்கையாளர்'. நடவடிக்கைக் குறிப்பில் கைத்தட்டல் எந்த இருக்கைகளிலிருந்து வந்தது என்று அடைப்புக்குள் வருவதையும் கவனிக்க வேண்டும்: தேசிய மன்றக் குறிப்பு 'இருக்கைப் பலகை' என்று பொருள்படும் சொல்லைப் போடும், மூதவைக் குறிப்போ 'திராவே', வரிசை, என்று எழுதும். இந்த ஒரு சொல்லை வைத்தே கையில் இருக்கும் தாள் எந்த அவையுடையது என்று சொல்லிவிடலாம்.

பேச்சைவிட எடை கூடியது திருத்தம். ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஓர் எண் உண்டு. வாசகத்தை மாற்றினால் எண்ணின் பின்னால் 'திருத்தப்பட்டது' என்று சேரும், மறுபடி மாற்றினால் அதன் பின் 'பிஸ்', அதாவது இரண்டாம் முறை. திருத்தத்தின் முடிவு ஐந்து விதமாக வரும். ஏற்பு, நிராகரிப்பு, திரும்பப் பெறல் மூன்றும் எளிது. நான்காவது 'விழுந்தது': இன்னொரு திருத்தம் முன்னால் நிறைவேறி இதற்கு இடமில்லாமல் போனது. இதைத் 'தோற்றது' என்று எழுதுவது பிழை. யாரும் இதற்கு எதிராக வாக்களிக்கவில்லை. ஐந்தாவது 'எடுத்துரைக்கப்படவில்லை': கொண்டுவந்தவர் அந்த நேரத்தில் அவையில் இல்லை. ஒருவர் வருடத்துக்கு இத்தனை திருத்தம் கொண்டுவந்தார் என்று கூட்டல்கணக்கு போட்டுப் புகழ்வோர் இந்த ஐந்தையும் ஒரே குவியலில் போட்டுவிடுகிறார்கள். அந்தக் கணக்குக்கு மதிப்பில்லை.

வாக்கெடுப்புக்கு முன் குழுவும் அமைச்சரும் கருத்துச் சொல்வார்கள். அமைச்சர் 'அவையின் விவேகத்துக்கு விடுகிறேன்' என்றால் பாராட்டு என்று எண்ணக்கூடாது. ஆதரவும் இல்லை, எதிர்ப்பும் இல்லை.

வாசலிலேயே நிற்கும் திருத்தங்களும் உண்டு. அரசியலமைப்பின் 40ஆம் பிரிவு, உறுப்பினர் கொண்டுவரும் திருத்தம் பொது வருவாய்களைக் குறைக்கவோ, ஒரு பொதுச் செலவை உண்டாக்கவோ கூட்டவோ கூடாது என்கிறது. இங்கே ஒருமை, பன்மைதான் எல்லாம். 'வருவாய்கள்' பன்மை, ஆகவே ஒன்றில் குறைத்து மற்றொன்றில் ஈடுசெய்தால் போதும் என்று ஆனது. 'செலவு' ஒருமை, ஒன்றைக் கூட்டி வேறொன்றைக் குறைத்தாலும் நடக்காது. தீவின் தொழில்களுக்கு வரிச்சலுகை கேட்கும் திருத்தத்தின் அடியில் புகையிலை வரியை உயர்த்தும் வாக்கியம் ஒன்று நிற்பதன் காரணம் இதுதான். அந்தச் செனட்டருக்குச் சிகரெட் மீது கோபம் ஒன்றும் இல்லை. அது ஈட்டு வாசகம். மொழிபெயர்ப்பில் பன்மை விகுதியை விட்டுவிட்டால் இந்த ஏற்பாடே புரியாமல் போகும். மசோதாவோடு மறைமுகமாகக்கூடத் தொடர்பில்லாத திருத்தமும் தள்ளப்படும். அதற்குப் பிரெஞ்சில் 'கவாலியே', குதிரைவீரன், என்று பெயர். தமிழில் 'ஒட்டாத திருத்தம்' போதும்.

உள்ளே வந்த வாசகம் இரண்டு அவைகளுக்கும் இடையே போய்வரும். அதற்குப் பெயர் 'நவெத்', நெசவுத் தறியின் நாடா. அச்சொல் நம்மிடமே இருக்கிறது. 'நாடா ஓட்டம்' என்று எழுதலாம். உடன்பாடு வராவிட்டால் ஏழு தேசிய மன்ற உறுப்பினர், ஏழு செனட்டர் கொண்ட கூட்டுக்குழு கூடும். அதுவும் முடியாவிட்டால், அரசாங்கம் கேட்டுக்கொண்டால், தேசிய மன்றமே முடித்துவைக்கும். மூதவையில் நிறைவேறிய நல்ல திருத்தங்கள் காணாமல் போவது பெரும்பாலும் இந்தக் கடைசிப் படியில்.

அரசியலமைப்புத் திருத்தத்தில் மட்டும் கதை வேறு. 89ஆம் பிரிவின்படி இரு அவைகளும் எழுத்துக்கு எழுத்து ஒரே வாசகத்தை நிறைவேற்ற வேண்டும். அங்கே செனட்டரின் கை தாழ்ந்தது அல்ல. இதற்கு ரெயூனியனே சான்று. 2003 மார்ச் 28ஆம் நாள் அரசியலமைப்புத் திருத்தத்தில் 73ஆம் பிரிவுக்குள் நுழைந்த ஒரு வாக்கியம் இன்றும் 'விரபுல்லே திருத்தம்' என்றே அழைக்கப்படுகிறது. 2001 முதல் 2011 வரை செனட்டராக இருந்த, சேந்த்-ஆந்த்ரே மேயராகவும் இருந்த ஜான்-போல் விரபுல்லேயின் பெயர் அது. 'புல்லே' என்று பிரெஞ்சு எழுத்து காட்டுவது நம் 'பிள்ளை'யைத்தான். தீவு பிரான்சின் பொதுச் சட்டத்தோடு ஒட்டியே இருக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். நீக்க வேண்டும் என்போரும் காக்க வேண்டும் என்போரும் இன்றும் சரிக்குச் சரி வாதாடுகிறார்கள்.

அந்த வாக்கியத்தைத் தமிழில் இப்படிச் சொல்லலாம்: 'முந்தைய இரண்டு பத்திகளில் உள்ள ஏற்பாடு ரெயூனியன் மாவட்டத்துக்கும் வட்டாரத்துக்கும் பொருந்தாது.' இதை '73ஆம் பிரிவு ரெயூனியனுக்குப் பொருந்தாது' என்று சுருக்கி எழுதுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. வாக்கியம் இருப்பது ஐந்தாம் பத்தியில். முந்தைய இரண்டு என்றால் மூன்றும் நான்கும். மூன்றாம் பத்தி, கடல்கடந்த பகுதிகள் சட்டத்தின் சில துறைகளில் தாமே விதி வகுக்க அனுமதி பெறலாம் என்கிறது. நான்காவது, குடியுரிமை, நீதி, பாதுகாப்பு, நாணயம் போன்றவற்றை அந்த அனுமதியிலிருந்து விலக்குகிறது. தேசியச் சட்டத்தைத் தன் அதிகாரத்துக்குட்பட்ட துறைகளில் தீவின் நிலைமைக்கேற்ப இசைவாக்கிக்கொள்ள அனுமதி கேட்கும் வழி இரண்டாம் பத்தியில் இருக்கிறது. அது ரெயூனியனுக்கு மூடப்படவில்லை.