குதிரைக் களத்துக்குத் துணி விரிக்கும் முன்: செட்டிநாட்டு மண்ணில் கவனிக்க வேண்டியவை

திறந்தவெளியில் குதிரைச் சவாரிக் களம் போட நினைப்பவர்கள் பலர், களத்துக்கு அடியில் விரிக்கும் ‘மெம்பிரேன்’ என்றதும் பண்ணைக்குட்டைக்கு விரிக்கும் கறுப்பு ஷீட்டைத்தான் நினைக்கிறார்கள். அந்த ஷீட் தண்ணீரைத் தேக்கி வைக்கச் செய்தது. களத்துக்கு வேண்டியதோ, தண்ணீரைக் கீழே விட்டுவிட்டு மண், ஜல்லி, மணல் மூன்றும் ஒன்றோடொன்று கலக்காமல் பிரித்து வைக்கும் துணி. குட்டை ஷீட்டையோ தார்ப்பாயையோ போட்டுவிட்டால் ஐப்பசி மழையில் மணல் கூழாகி நிற்கும். தோண்டி எடுப்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

கடையில் ‘நெய்யாத ஜியோடெக்ஸ்டைல்’ என்று கேளுங்கள். பாலிபுரொப்பிலீன் இழைகளை ஊசியால் குத்திப் பிணைத்தது, தொட்டால் மெத்தென்றிருக்கும். உரச்சாக்குபோல் நெய்த ரகம் வேண்டாம். வெட்டிய ஓரம் பிரிந்து நீள நூலாக வரும், மேலே கிடக்கும் மணலும் அதில் பிடிமானமின்றி வழுக்கும். சாம்பிள் துண்டை வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். அங்கங்கே வெளிச்சம் திட்டுத்திட்டாகத் தெரிந்தால் இழை சீராக இல்லை என்று அர்த்தம். பிறகு வாளி வாயில் கட்டி ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றுங்கள். புதுத் துணி சில நொடி தயங்கும், அதற்கப்புறம் தடையில்லாமல் இறங்க வேண்டும்.

களத்துக்கு இரண்டு துணி தேவை. இரண்டுக்கும் வேலை வேறு. கீழ்த்துணி செம்மண்ணுக்கும் ஜல்லிக்கும் நடுவே இருக்கும். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துச் செம்மண் கோடையில் கடப்பாரையே இறங்காத அளவுக்கு இறுகிக் கிடப்பதால், ‘இந்தத் தரைக்கு எதற்குத் துணி’ என்று மேஸ்திரிகளே கேட்பதுண்டு. மழையில் ஊறியதும் அதே மண் குழம்பாகும். குளம்பும் டிராக்டர் டயரும் அமுக்க அமுக்க ஜல்லி இடுக்கு வழியே பிதுங்கி மேலேறும். இதைத் தடுக்க 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 200 கிராம் எடை) துணி போதும். மேல்துணி ஜல்லிக்கும் மணலுக்கும் நடுவே இருப்பது. குதிரையின் எடை முழுவதும் லாடத்தின் விளிம்பில் இறங்கும் இடம் அதுதான். அங்கே 300 ஜிஎஸ்எம்முக்குக் குறைந்து போடக் கூடாது. பணம் மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் கைவைப்பது பெரும்பாலும் மேல்துணியில்தான். கிழிந்தால் காலை முறித்துக்கொள்ளப் போவது குதிரை.

20-க்கு 40 மீட்டர் களம் என்றால் பரப்பு 800 சதுர மீட்டர். அதே அளவு துணி வாங்கினால் பற்றாது. 5 மீட்டர் அகல ரோலை நீளவாக்கில் விரித்து, 30 சென்டிமீட்டர் மேலடுக்கு வைத்து, சுற்றிலும் அரை மீட்டர் ஓரம் விட்டால் 41 மீட்டர் நீளத்தில் ஐந்து பட்டை வரும். ஓர் அடுக்குக்கு 1,025 சதுர மீட்டர். 15 சென்டிமீட்டர் கனத்துக்கு ஒன்றரை இஞ்ச் ஜல்லி கணக்குப்படி 42 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி). ரோலர் ஓட்டியதும் அமுங்கும் என்பதால் 50 யூனிட் சொல்லி வையுங்கள்.

தரையைத் தயார் செய்யும்போது சீமைக்கருவேலத்தைத் தரைமட்டத்தில் வெட்டிவிட்டு மேலே துணி போடாதீர்கள். வெட்டிய கட்டை மறுபடி துளிர்த்துத் துணியைத் தூக்கும். ஜேசிபி வைத்துத் தூரோடு பிடுங்கி, குழியை மண் நிரப்பி, தண்ணீர் விட்டு இறுக்க வேண்டும். வாட்டம் அகலவாக்கில் நூற்றுக்கு ஒன்று, அதாவது 20 மீட்டருக்கு 20 சென்டிமீட்டர். வாட்டத்தைத் தரையிலேயே கொடுத்துவிடுங்கள். மணலைக் கூட்டிக் குறைத்துச் சரிக்கட்டினால் ஒரு பக்கம் மணல் ஆழமாகி, குதிரையின் தசைநார் இழுபடும்.

ஐந்து மீட்டருக்கு ஒரு வடிகால் வாய்க்கால், ஓரடி அகலம், ஒன்றரை அடி ஆழம். உள்ளே துணி விரித்து, நாலு இஞ்ச் துளைக்குழாய் பதித்து, கழுவிய ஜல்லி நிரப்ப வேண்டும். குழாய் போய் முடியும் இடத்தை மழைக்காலத்தை மனதில் வைத்துத் தீர்மானியுங்கள். கண்மாய் நிரம்பும்போது அதன் நீர்மட்டம் குழாய் வாயைவிட உயர்ந்தால், களத்துத் தண்ணீர் வெளியேறாது, கண்மாய்த் தண்ணீர் உள்ளே வரும். சாணமும் மூத்திரமும் கலந்து வரும் நீர் என்பதால் குடிநீர் ஊருணிக்கோ அதன் வரத்துக்காலுக்கோ ஒருபோதும் திருப்பக் கூடாது.

துணியைத் தாழ்ந்த பக்கத்திலிருந்து விரிக்கத் தொடங்குங்கள். ஓடு வேய்வதுபோல, மேட்டுப் பக்கத்துப் பட்டை பள்ளத்துப் பட்டையின் மேல் ஏற வேண்டும். ஜல்லியையும் மணலையும் மேட்டிலிருந்து தள்ளிவந்தால் மேலடுக்கு அமுங்கும். எதிர்ப்பக்கமிருந்து தள்ளினால் மடிப்புக்குள் புகுந்து துணியைச் சுருட்டிவிடும். வெறும் துணிமேல் லாரி ஏறவே கூடாது. கொட்டிய ஜல்லியின் மேலேயே வண்டி முன்னேற வேண்டும், அங்கேயே வளைத்துத் திருப்பவும் கூடாது.

ஜல்லியை ரோலர் போட்டு இறுக்கியபின், அதன் கூர்முனைகள் அடங்க மெல்லிய கல் சிப்ஸ் பரப்பி மறுபடி உருட்டுங்கள். அதற்குப் பதிலாக கிரஷர் டஸ்ட் போடுவதுதான் இங்கே அதிகம் நடக்கும் தவறு. பார்க்க மட்டமாக, அழகாக இருக்கும். ஒரு மழைக்குப் பிறகு அந்தத் தூசி இறுகி, கீழே இருக்கும் வடிகாலுக்குத் தண்ணீர் போகும் வழியே அடைந்துபோகும்.

மேல்துணியின் மூட்டுகளை வெறுமனே மேலடுக்கோடு விடக் கூடாது. ஹாட் ஏர் கன்னால் ஒட்டலாம். இழை இளகியதும் அழுத்தி, சூட்டை எடுத்துவிட வேண்டும், கூடினால் ஓட்டை விழும். தைப்பதானால் பாலியெஸ்டர் நூல். பருத்தி நூல் ஈரத்தில் மக்கிவிடும். ஆடிக் காற்றில் துணி பறக்கிறதென்று ஆணியோ வளைத்த கம்பியோ குத்தி நிறுத்துவதைப் பார்க்கிறோம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பின்னாளில் ஒரே ஒரு கம்பி மேலே வந்தாலும் குளம்புக்குள் ஏறும். மணல் மூட்டை வைத்தால் போதும். ஓரத்தை 15 சென்டிமீட்டர் மேலே மடக்கி, ஓரப்பலகையில் ரீப்பர் வைத்து அடித்துவிடுங்கள்.

ரோலைப் பிரித்தால் இரண்டு வாரத்துக்குள் மூடிவிட வேண்டும். வெயிலில் காய்ந்த பாலிபுரொப்பிலீன் பலம் இழக்கும். தை பிறந்து தொடங்கி ஆவணிக்குள் முடிப்பது நல்லது.

மணல் கழுவியதாக இருக்கட்டும். பூச்சு வேலைக்கான பி-சாண்டிலுள்ள மாவு துணியின் கண்களை அடைக்கும். கண்ணாடி ஜாடியில் மணலும் தண்ணீரும் போட்டுக் குலுக்கி வைத்தால், மேலே படியும் வண்டலின் கனமே சொல்லிவிடும்.

களம் ஓட ஆரம்பித்ததும் ஓரத்தடத்தை வாரம் ஒருமுறை கம்பியால் குத்தி ஆழம் பாருங்கள். குதிரைகள் சுற்றிச் சுற்றி அங்கேயே போவதால் மணல் ஒதுங்கிக்கொண்டே இருக்கும். 7 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் அன்றைக்கே மணலை இழுத்து நிரப்ப வேண்டும். மணலைக் கிளறிச் சமன்செய்யும் ஹாரோவின் பற்கள் 5 சென்டிமீட்டருக்கு மேல் இறங்காதபடி கட்டுப்படுத்துங்கள். எங்காவது துணியின் நுனி வெளியே தெரிந்தால் இழுத்துப் பார்க்காதீர்கள், இழுத்தால் கிழிசல் நீளும். அந்த இடத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்கு மணலை ஒதுக்கி, தூக்கிய பகுதியை வெட்டி, கீழே புகுந்த மணலைப் பெருக்கி எடுத்து, எல்லாப் பக்கமும் அரை மீட்டர் கூடுதலான ஒட்டுத்துணியைச் சூடுகாட்டி ஒட்டுங்கள். அதுவரை அந்தக் களத்தில் குதிரையை இறக்க வேண்டாம்.