பொக்கே: சொல்லும் பொருளும்

கிறிஸ்துமஸ் படங்களில் குழந்தையின் முகம் பளிச்சென்று இருக்கும், பின்னால் மரத்தில் சுற்றிய சீரியல் செட் முழுக்கப் பெரிய பெரிய வண்ண உருண்டைகளாகக் கரைந்து தெரியும் இல்லையா, அந்த மங்கலின் பேர்தான் பொக்கே. பூங்கொத்தையும் நாம் பொக்கே என்றே எழுதுகிறோம். அது பிரெஞ்சு, இது ஜப்பானியம், ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

ஜப்பானிய மொழியில் 'பொகெ' என்றால் மங்கல், தெளிவின்மை. முதுமையின் மறதிக்கும், நெடுந்தூர விமானப் பயணம் முடிந்து தலை மந்தமாக இருப்பதற்கும்கூட இந்தச் சொல் வரும். படக்காரர்கள் 'பொகெ அஜி' என்பார்கள். அஜி என்றால் சுவை. மங்கல் குழைந்து இருக்கிறதா, கண்ணை உறுத்துகிறதா என்று பார்க்கும் ரசனை அது. ஆங்கிலத்தில் இதைப் பரப்பியது 1997இல் ஃபோட்டோ டெக்னிக்ஸ் என்ற அமெரிக்க இதழ். அதன் ஆசிரியர் மைக் ஜான்ஸ்டன்தான், யாரும் 'போக்' என்று வாசித்துவிடக் கூடாதென்று கடைசியில் ஒரு 'எச்' எழுத்தைச் சேர்த்தவர்.

குவியத்துக்கு வெளியே இருக்கும் விளக்கு, கேமராவுக்குள் ஒளியைப் பதிவு செய்யும் சென்சாரில் புள்ளியாக விழாமல் பரவி விழும், பரவும்போது லென்ஸ் துளையின் வடிவத்தையே எடுத்துக்கொள்ளும். துளையின் அளவைச் சொல்வது எஃப் எண், எண் சிறிதானால் துளை பெரிது. எஃப் 1.8இல் முழுதாகத் திறந்தால் படத்தின் நடுவில் வட்டம், ஓரங்களில் பூனைக்கண் மாதிரி நீளம். துளையைச் சுருக்கும் தகடுகள் (இதழ்கள்) ஐந்து கொண்ட பழைய 50 மிமீ லென்ஸை எஃப் 4க்கு மூடிப் பாருங்கள், ஒவ்வொரு விளக்கும் ஐங்கோணமாகிவிடும்.

வீட்டில் எடுக்கும்போது ஆளை மரத்தோடு ஒட்டி நிற்க வைக்காதீர்கள், எடுபடாது. ஏழெட்டு அடி முன்னால் உட்கார வைத்து, கேமராவை ஆளுக்குக் கிட்டே கொண்டுபோங்கள். ஃபிளாஷ் வேண்டாம், பக்கவாட்டில் ஒரு மேசை விளக்கு போதும். போனின் போர்ட்ரெய்ட் மோடு பெரும்பாலும் கணக்குப் போட்டு மங்கலாக்குவது, அதனால்தான் சுருள்முடி சில படங்களில் கத்தரித்த மாதிரி நிற்கிறது.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'ஒளிவட்டம்' என்றால் சாமி படத்தில் தலைக்குப் பின்னால் இருப்பதுதான் நினைவுக்கு வரும். 'பின்புல மங்கல்' தெளிவான சொல், ஆனால் ஜப்பானியர் சொல்லும் அந்தச் சுவை அதில் வரவில்லை. நான் 'மங்கலழகு' என்பேன், உருண்டைகளுக்கு 'ஒளிப்பொட்டு'. "மங்கலழகு நல்லா வந்திருக்கு, ஒளிப்பொட்டு மட்டும் ஓரத்தில் கொஞ்சம் உறுத்துது" என்று பேசிப் பாருங்கள், வாய்க்கு இயல்பாகவே வருகிறது.